பழைய ஸ்போர்ட்ஸ் கார், ரோட்டுக்கும் டிராக்குக்கும்: எதை மாற்றுவது, ஏன்?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருக்கிறேன், வார நாளில் ரோட்டிலும் எப்போதாவது டிராக்கிலும் ஓட்டப் போகிறேன் என்று வாய் திறந்து சொல்லிவிட்டால் போதும், யோசனை வந்து குவியும். டர்போ போடு. சைலன்சரை மாற்று. ஸ்பிரிங்கை இறக்கு. பிரேக்கைப் பெரிசாக்கு. எனக்கும் வந்தது. சொன்னவர்களில் பாதிப் பேர் டிராக் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அவர்கள் சொன்ன பாகங்களில் தவறில்லை. ஆனால் ஆளுக்கொரு பாகத்தின் பெயரைச் சொல்கிறார்கள். அந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது, அந்த வேலை ரோட்டில் எப்படி, டிராக்கில் எப்படி என்று யாரும் சொல்வதில்லை. அது புரியாமல் செலவு செய்தால் ரோட்டில் எலும்பை உடைக்கிற, டிராக்கில் பத்து நிமிடம்கூடத் தாங்காத கார்தான் மிஞ்சும். இந்தக் கட்டுரை அந்த வேலையைப் பற்றியது. மெக்கானிக்குகளுக்கான நுணுக்கங்களை விட்டுவிடுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கார்

பொதுவாகப் பேசினால் எதுவும் ஒட்டாது. அதனால் எனக்குப் பழக்கமான ஒரு காரையே வைத்துக்கொள்வோம்: முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. மாஸ்டா என்றதும் நம்மில் பலருக்கு ஸ்வராஜ் மாஸ்டா வேன்தான் நினைவுக்கு வரும். அதே மாஸ்டாதான். எம்எக்ஸ்-5 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமானது. அமெரிக்காவில் மியாட்டா என்றும் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் விற்றது. இரண்டே சீட், துணிக் கூரை, சுவிட்சைப் போட்டால் தவளைக் கண் மாதிரி எழும்பும் ஹெட்லைட். எஞ்சின் முன்னால், இழுப்பது பின் சக்கரம். தொடக்கத்தில் 1.6 லிட்டர் எஞ்சின், சுமார் 116 குதிரைத்திறன். எடை ஒரு டன்னுக்கும் குறைவு.

116 குதிரைத்திறன் இன்றைக்கு ஒரு குடும்பக் காருக்கே சாதாரணம். ஆனாலும் டிராக் ஓட்டப் பழகுகிறவர்கள் இந்தக் காரைத் தேடி வாங்குவதற்குக் காரணம் உண்டு: எடை குறைவு, முன்னும் பின்னும் ஏறக்குறைய சமமான பாரம், நான்கு சக்கரத்துக்கும் நல்ல சஸ்பென்ஷன் (சக்கரத்தைக் காரோடு இணைக்கும் ஸ்பிரிங், ஷாக், மூட்டு அமைப்பு), தாராளமாகக் கிடைக்கும் ஸ்பேர். இங்கிலாந்தில் என்னிடம் இருப்பது 1991 மாடல். அதில் துரு எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது ஒன்று, இருபது நிமிடம் ஓடுவது வேறு

டிராக் டே என்றால் ரேஸ் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பணம் கட்டி, சொந்தக் காரைக் கொண்டுபோய், பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள், அவ்வளவுதான். பரிசு கிடையாது, யாரும் நேரம் குறிப்பதில்லை. முன்னே போகிறவர் வழிவிட்டால் மட்டுமே முந்தலாம். ஒவ்வொரு முறையும் 15 முதல் 20 நிமிடம்வரை ஓட்டிவிட்டு வெளியே வந்து காரை ஆறவிட வேண்டும்.

இங்கேதான் அடிப்படைக் குழப்பம் தொடங்குகிறது. டிராக்குக்கு வேகம் வேண்டும், ஆகவே எஞ்சினுக்குச் சக்தி வேண்டும் என்று கணக்குப் போடுகிறோம். ரோட்டில் நீங்கள் கடைசியாக பிரேக்கை முழு மூச்சாக மிதித்தது எப்போது? மாட்டுக்காகவோ லாரிக்காகவோ மாதத்துக்கு ஒருமுறை இருக்கலாம். டிராக்கில் அதை ஒரு சுற்றுக்கு மூன்று நான்கு முறை, இருபது நிமிடம் விடாமல் செய்வீர்கள். வளைவுகளில் டயரும் அப்படித்தான், முழு ஆர்பிஎம்மில் எஞ்சினும் அப்படித்தான். பஸ்ஸைப் பிடிக்க ஐம்பது அடி ஓடுவது யாராலும் முடியும். இருபது நிமிடம் அதே வேகத்தில் ஓடச் சொன்னால்தான் மூச்சு, கால், இதயம் எல்லாவற்றின் குறையும் வெளியே வரும்.

ஆக, டிராக் காரிடம் கேட்பது தாங்கும் திறன். எதைத் தாங்க? பெரும்பாலும் வெப்பத்தை. மீதி எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

முதல் வேலை: பழையபடி ஆக்குவது

முப்பது வயதான காரில் எந்தப் புதுப் பாகம் போடுவதற்கு முன்னாலும், தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அது எப்படி இருந்ததோ அந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும். சஸ்பென்ஷன் மூட்டுகளில் புஷ் என்று சொல்லும் ரப்பர் வளையங்கள் இருக்கும். நம் முழங்காலில் குருத்தெலும்பு மாதிரி. வயதானால் அவை இறுகி வெடிக்கும். அப்புறம் எத்தனை ஆயிரம் கொடுத்து ஷாக் மாற்றினாலும் சக்கரம் தன் இஷ்டத்துக்கு ஆடும். ரேடியேட்டர் ஹோஸ், பிரேக் ஹோஸ், வீல் பேரிங், பால் ஜாயின்ட் எல்லாம் இதே கதைதான்.

எம்எக்ஸ்-5இல் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். துணிக் கூரையில் விழும் மழைநீர் வடிவதற்குச் சீட்டுக்குப் பின்னால் இரண்டு ஓட்டைகள் உண்டு. இலையும் மண்ணும் சேர்ந்து அவை அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்குக் கீழே உள்ள பெட்டிப் பகுதிக்குள் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும். கூரை திறந்த காருக்கு முதுகெலும்பு மாதிரி இருப்பது அந்தப் பகுதிதான். டர்போ வாங்க வைத்திருக்கும் காசில் ஒரு பங்கை வெல்டருக்கு எடுத்து வைத்துவிடுங்கள். போட்டோவில் இது எடுபடாது, அதனால்தான் யாரும் பேசுவதில்லை.

பிரேக்: ஐந்து குடம் வெந்நீர்

பிரேக் காரை நிறுத்துகிறது என்று சொல்கிறோம். உண்மையில் அது ஓட்டத்தை வெப்பமாக மாற்றுகிறது. ஓடும் காரில் இருக்கும் ஆற்றல் எங்கும் மறைந்து போவதில்லை. சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டுதான் டிஸ்க்; பேட் என்ற தேய்ப்புக் கட்டை அதைப் பிடித்துத் தேய்க்கும்போது அந்த ஆற்றல் அப்படியே சூடாகிறது. கையைக் கையோடு தேய்த்தால் சுடுகிறதே, அதுதான்.

எவ்வளவு சூடு? ஒரு டன் காரை 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தினால் வரும் வெப்பம், 30 டிகிரியில் இருக்கும் ஒன்றேகால் லிட்டருக்கும் சற்று அதிகமான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும். ஒரே ஒரு பிரேக்கில் அவ்வளவு. வேகம் கூடினால் இது நேர் விகிதத்தில் கூடாது. வேகம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும். டிராக்கில் நீண்ட நேர்ப்பாதை முடிவில் 160இலிருந்து 80க்கு இறக்குகிறோம் என்று வையுங்கள்: இரண்டரை லிட்டர். சுற்றுக்கு மூன்று முறை, பத்துச் சுற்று என்றால் 75 லிட்டர், அதாவது ஏறக்குறைய ஐந்து குடம் தண்ணீர். காற்றின் தடையும் எஞ்சினும் கொஞ்சம் பங்கு வாங்கிக்கொள்ளும். மீதி முழுதும் நான்கு இரும்புத் தட்டுகளில் இறங்குகிறது, அதிலும் பெரும்பங்கு முன்பக்கத்து இரண்டில். 1.6 லிட்டர் எம்எக்ஸ்-5இல் அந்த முன் டிஸ்க்கின் விட்டம் 235 மில்லிமீட்டர். வீட்டில் குழந்தைக்கு ஊற்றும் சின்னத் தோசை அளவு.

இந்த வெப்பம் இரண்டு இடத்தில் காலை வாரும்.

ஒன்று, பிரேக் ஆயில். பேச்சுவழக்கில் ஆயில் என்றாலும் இது எண்ணெய் கிடையாது. பெடலை நீங்கள் அழுத்தும் அழுத்தத்தைக் குழாய் வழியாகச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் திரவம். ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி, முனையை விரலால் அடைத்து அழுத்திப் பாருங்கள், அசையாது. அதிலேயே கொஞ்சம் காற்று இருந்தால் பிஸ்டன் அமுங்கும். திரவம் சுருங்காது, வாயு சுருங்கும். பிரேக் ஆயில் கொதித்தால் குமிழி வரும், குமிழி வாயு, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிவிடும், சக்கரத்துக்கு எதுவும் போய்ச் சேராது.

கொதிப்பது எத்தனை டிகிரியில்? டாட் 4 என்ற தரத்துக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஆனால் இந்தத் திரவத்துக்கு ஒரு கெட்ட பழக்கம்: திறந்து வைத்த உப்பு மாதிரி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறிய டாட் 4க்கு அந்தத் தரம் கேட்பது 155 டிகிரிதான். அன்றாட ரோட்டு ஓட்டத்தில் 155 டிகிரியை நெருங்குவது அரிது, அதனால் ஆயில் பழசானது தெரியாமலே பல வருடம் ஓட்டிவிடுவோம். டிராக்கில் ஐந்தாவது சுற்றிலேயே குட்டு உடையும்.

எனக்கு உடைந்தது ஆறாவதில். வலப்பக்க வளைவுக்கு முன்னால் மிதித்தேன், பெடல் பாதி தூரம் வழக்கம்போல, மீதி தூரம் வெண்ணெயில் கத்தி. இரண்டு முறை தட்டி மிதித்ததில் கொஞ்சம் அழுத்தம் திரும்பியது, கியரைக் குறைத்துப் புல்லில் ஒரு சக்கரம் ஏறி நின்றேன். பக்கத்து சீட்டில் என் சித்தி மகன். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, “அண்ணா, பிரேக் இருக்கா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க” என்றான். முந்தைய வாரம்தான் பளபளக்கும் சைலன்சர் ஒன்று வாங்கி மாட்டியிருந்தேன். அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது புது பிரேக் ஆயிலுக்கு.

இரண்டாவது இடம் பேட். இதற்குத் தோசைக்கல்தான் சரியான உவமை. நான்ஸ்டிக் தவா அடுப்பில் வைத்த உடனே தோசைக்குத் தயார். ஆனால் அளவுக்கு மீறிக் காய்ந்தால் அதன் பூச்சு போய்விடும். இரும்புக்கல் எவ்வளவு சூட்டையும் தாங்கும். ஆனால் காயாத கல்லில் ஊற்றினால் தோசை ஒட்டிக்கொண்டு வராது. ரோட்டுப் பேட் நான்ஸ்டிக். காலையில் முதல் சிக்னலிலேயே பிடிக்கும், டிராக் சூட்டில் பிடிப்பை இழக்கும். சூட்டில் இப்படிப் பிடிப்பு குறைவதற்கு பிரேக் ஃபேட் என்று பெயர். முழு ரேஸ் பேட் இரும்புக்கல். காய்ந்த பிறகு அபாரம். மார்கழிக் குளிரில் வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டு முதல் சந்திப்பில் மிதித்தால் சிந்திப்பதற்கு ஒரு நொடி எடுத்துக்கொள்ளும். தெருவே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கீச்சிடவும் செய்யும். இரண்டு உலகத்துக்கும் ஒரே பேட் வேண்டுமானால் நடுத்தரமானதை எடுக்க வேண்டும். அல்லது டிராக்குக்கு முந்தைய நாள் மாற்றிக்கொள்ள வேண்டும். இந்தக் காரில் பேட் மாற்றுவது கைப்பழக்கம் வந்துவிட்டால் ஒரு மணி நேர வேலை. நான் இரண்டாவது வழியில் போகிறேன்.

பெரிய பிரேக் போட்டால் கார் சீக்கிரம் நிற்கும் என்பது பாதிக்கு மேல் தவறு. இப்போது இருக்கும் பிரேக்கை மிதித்தாலே சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குகிறது என்றால், நிறுத்தும் தூரத்தை முடிவு செய்வது டயர். பெரிய டிஸ்க்கால் கிடைப்பது அதிக இரும்பு, அதனால் சூட்டை வாங்கிவைக்க அதிக இடம். முதல் முறை நிற்பதில் பெரிய வித்தியாசம் தெரியாது. இருபதாவது முறை தெரியும். 1.6 கார் வைத்திருப்பவர்கள் பிறகு வந்த 1.8 லிட்டர் மாடலின் 255 மில்லிமீட்டர் டிஸ்க்கை எடுத்துப் போடுவது இதற்காகத்தான்.

இதுவரை பார்த்தது: பிரேக் ஓட்டத்தை வெப்பமாக்கும் கருவி. புது ஆயில், தகுந்த பேட் இரண்டும் முதல் டிராக் டேக்கு முன்னால். பெரிய டிஸ்க் தேவைப்பட்டால் பிறகு.

டயர்: உள்ளங்கை அளவு நிலம்

கார் தரையைத் தொடுவது நான்கே இடத்தில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு. முடுக்குவது, நிறுத்துவது, திருப்புவது மூன்றும் அந்த நான்கு உள்ளங்கை வழியாகத்தான் நடந்தாக வேண்டும். ஆகவே காரின் குணத்தை அதிகம் மாற்றும் பாகம் டயர்தான்.

ரப்பரின் மென்மை ஒரு பேரம். மென்மையான ரப்பர் தார்ச்சாலையின் சிறு சிறு பள்ளங்களுக்குள் இறங்கிப் பிடிக்கும், ஆனால் பென்சில் அழிப்பான் மாதிரி சீக்கிரம் தேயும். ரோட்டிலும் ஓட்ட அனுமதி உள்ள, டிராக்குக்காகவே செய்த டயர்களை செமி ஸ்லிக் என்பார்கள்: பள்ளக்கோடு குறைவு, ரப்பர் மென்மை. காய்ந்த தரையில் கார் தண்டவாளத்தில் போவதுபோல் இருக்கும். கனமழையில் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் டயர் நீரின் மேல் மிதக்கும். இங்கிலாந்தில் இருந்துகொண்டு தினமும் அதில் ஓட்டுவது எனக்குச் சரிப்படவில்லை. நல்ல ரோட்டு ஸ்போர்ட்ஸ் டயரே பழகுகிறவருக்குப் போதும். அது கீச்சிட்டுக்கொண்டே வழுக்கத் தொடங்குவதால் எல்லை எங்கே இருக்கிறது என்று காதால் கற்றுக்கொள்ளலாம்.

பழைய காரில் ஒரு பொறி உண்டு. டயரில் கோடு முழுசாக இருக்கும், ஆனால் டயருக்கு வயது பன்னிரண்டு. பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. காலம் போனால் ரப்பர் இறுகும், கோடு இருந்தும் பிடிப்பு இருக்காது. வாங்கிய அன்று என் காரில் நான்கில் மூன்று டயர் காரோட்டப் பழகும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தன.

காற்றழுத்தமும் மாறும். டயர் சூடேறினால் உள்ளே காற்று விரிந்து அழுத்தம் ஏறும். காலையில் குளிர்ந்த டயரில் 26 பிஎஸ்ஐ வைத்துப் போனால், நான்கைந்து சுற்றில் 31, 32 என்று நிற்கும். அளவுக்கு மேல் ஏறினால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும், உள்ளங்கை சுருங்கிவிடும். அதனால் டிராக்கில் எல்லோரும் சூடான டயரில் அளந்து காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார்கள். இந்தச் சங்கதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டும்.

ஸ்பிரிங்கும் ஷாக்கும்: அதிகம் குழப்பப்பட்ட இடம்

ஓடும் பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கிறீர்கள். டிரைவர் பிரேக் அடிக்கிறார், உங்கள் பாரம் முன்னங்காலுக்குப் போகிறது. காருக்கும் அப்படித்தான். பிரேக் பிடித்தால் பாரம் முன் சக்கரங்களுக்கும், வலப்பக்கம் திரும்பினால் இடப்பக்கச் சக்கரங்களுக்கும் போகும். இதை எடை மாற்றம் என்று வைத்துக்கொள்வோம். எம்எக்ஸ்-5இன் முன் பின் சக்கரங்களுக்கு நடுவே 2265 மில்லிமீட்டர். காரின் எடை ஒரு டன், அதன் எடைமையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் என்று தோராயமாக வைத்துக் கணக்குப் போட்டால், கடுமையான பிரேக்கில் சுமார் 200 கிலோ பின்னாலிருந்து முன்னால் போய்விடும். 500க்கு 500 என்று இருந்தது 700க்கு 300 ஆகிவிடும்.

இப்போது பிரபலமான தவறுக்கு வருவோம். ஸ்பிரிங்கை விறைப்பாக்கினால் எடை மாறாது என்று நினைக்கிறார்கள். பஸ்ஸில் முழங்காலை விறைத்துக்கொண்டு நின்றாலும் தளர்த்திக்கொண்டு நின்றாலும் உங்களைத் தள்ளும் விசை அதேதான். எவ்வளவு சாய்கிறீர்கள் என்பதுதான் மாறும். மாறும் எடையின் மொத்த அளவை முடிவு செய்வது எடைமையத்தின் உயரம், சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம், எவ்வளவு வேகமாகத் திருப்புகிறீர்கள் அல்லது நிறுத்துகிறீர்கள் என்பவை. விறைப்பான ஸ்பிரிங் உடல் சாய்வதைக் குறைக்கும். சாய்வு குறைந்தால் டயர் தரையில் தட்டையாக உட்காரும், ஸ்டியரிங் திருப்பியதும் கார் உடனே கேட்கும். அதன் பலன் அதுதான்.

எடை மாறினால் என்ன நட்டம்? ஒரு பக்கம் போனது மறுபக்கம் வந்துவிடுகிறதே? இங்கேதான் டயரின் ஒரு குணம் குறுக்கே நிற்கிறது. எட்டு மணி நேரம் வேலை செய்பவரைப் பதினாறு மணி நேரம் செய்யச் சொன்னால் இரட்டிப்பு வேலை நடக்காது. டயரும் அப்படியே, பாரம் இரட்டித்தால் பிடிப்பு இரட்டிக்காது, சற்றுக் குறைவாகவே கூடும். ஆகவே ஒரு டயர் இழந்ததை மற்றொன்று முழுதாக ஈடுகட்டாது, மொத்தப் பிடிப்பு குறையும். காரைத் தாழ்த்துவதற்கு இருக்கும் நியாயமான காரணம் இதுதான்: எடைமையம் இறங்கினால் எடை மாற்றம் குறையும்.

அதற்காகத் தரையோடு தரையாகத் தாழ்த்தினால்? சஸ்பென்ஷன் மேலும் கீழும் அசைய இடம் வேண்டும், இந்தக் காரில் அந்த இடம் ஆரம்பத்திலேயே குறைவு. அது தீர்ந்தால் முடிவில் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் கட்டையில் போய் மோதும். வளைவின் நடுவில் அப்படி மோதினால் ஸ்பிரிங் இருந்த இடத்தில் செங்கல் வைத்தது மாதிரி; அந்தச் சக்கரம் சட்டென்று பிடிப்பை விட்டுவிடும். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துகிறவர்கள் காசு கொடுத்து வாங்குவது இதைத்தான்.

ஷாக் என்று நாம் சொல்லும் ஷாக் அப்சார்பர் வேறு வேலை செய்கிறது. அலுவலகக் கதவின் மேல் ஒரு கை இருக்குமே, கதவு படாரென்று அடிக்காமல் மெல்லச் சாத்த வைப்பது? ஷாக் அதன் தம்பி. ஸ்பிரிங் பள்ளத்தின் அடியை வாங்கிச் சேமித்துத் திருப்பிக் கொடுக்கும். தனியாக விட்டால் துள்ளிக்கொண்டே இருக்கும். ஷாக் அந்தத் துள்ளலை எண்ணெயில் தேய்த்து வெப்பமாக்கி அடக்கும். ஆக, எவ்வளவு சாயும் என்பது ஸ்பிரிங், எத்தனை தடவை ஆடும் என்பது ஷாக். புது விறைப்பு ஸ்பிரிங்கைப் பழைய ஷாக்கோடு போட்டால் அடக்க ஆள் இல்லாத துள்ளல். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், முடியாவிட்டால் நல்ல ஷாக் மட்டும் போடுங்கள்.

ரோடு இங்கே தன் விலையைக் கேட்கிறது. டிராக் வழவழப்பானது, தெரு அப்படி இல்லை. மிக விறைப்பான கார் மேடுபள்ளத்தில் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடும், தரையில் இல்லாத சக்கரத்துக்குப் பிடிப்பு ஏது? ஈரமான கிராமத்துச் சாலையில் சற்று மென்மையான கார்தான் வேகமான கார்.

சுருக்கமாக: ஸ்பிரிங் சாய்வை மாற்றும், எடை மாற்றத்தை அல்ல. உயரம் எடை மாற்றத்தை மாற்றும். ஷாக் ஆட்டத்தை அடக்கும்.

வீல் அலைன்மென்ட்: செருப்பு தேயும் விதம்

குறைந்த செலவில் பெரிய பலன் தருவது எதுவென்று கேட்டால் இதைச் சொல்வேன். உங்கள் பழைய செருப்பைத் திருப்பிப் பாருங்கள், ஒரு பக்கம் அதிகம் தேய்ந்திருக்கும்; அது நீங்கள் நடக்கும் கோணத்தைச் சொல்லும். டயருக்கும் இரண்டு கோணம் முக்கியம். முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கிறதா வெளியே சாய்ந்திருக்கிறதா என்பது கேம்பர். மேலிருந்து பார்த்தால் இரண்டு சக்கரமும் ஒன்றையொன்று நோக்கித் திரும்பியிருக்கிறதா, விலகியிருக்கிறதா என்பது டோ.

வளைவில் கார் வெளிப்பக்கம் சாயும்போது வெளிச் சக்கரமும் சேர்ந்து சாய்ந்து ஓரத்தில் நிற்கும். முன்கூட்டியே மேல்பக்கத்தை உள்ளே சாய்த்து வைத்தால் வளைவில் அது தட்டையாக உட்காரும். டிராக்குக்கு மட்டும் என்றால் இரண்டிலிருந்து மூன்று டிகிரி சாய்ப்பார்கள். ரோட்டுக்கும் சேர்த்து ஒன்றரை டிகிரி அளவில் வைத்து, டோவைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் டயர் பெரிதாகத் தேயாது. டயரைத் தின்பது பெரும்பாலும் டோதான், பழி கேம்பர் மேல் விழும்.

எம்எக்ஸ்-5இல் நான்கு சக்கரத்திலும் கேம்பரைத் திருத்த போல்ட் உண்டு, எல்லாக் காரிலும் இப்படிக் கிடைக்காது. முப்பது வருடத் துருவில் அந்த போல்ட் அசையுமா என்பது வேறு விஷயம். நான் போன முதல் பட்டறையில் இரண்டை அசைக்கவே முடியாமல், எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிக் காசையும் வாங்கிக்கொண்டார்கள். அதனால் அலைன்மென்ட் முடிந்ததும் அளவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்று இரண்டு வரிசை இருக்கும். இரண்டும் ஒன்றாகவே இருந்தால் யாரும் எதையும் தொடவில்லை.

எஞ்சினில் நான்காவது வீடு

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் குழாய் பீய்ச்சி அடிக்கும், தெருக்கோடி வீட்டில் சொட்டும். இந்தக் காரின் எஞ்சினுக்குள் அதுதான் நடக்கிறது. இந்த எஞ்சின் குடும்பம் முன்சக்கர இழுவைக் கார்களில் குறுக்காக வைக்கப்பட்டது. குளிர்விக்கும் நீர் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறும். எம்எக்ஸ்-5இல் அதை நீளவாக்கில் வைத்தபோது பின்முனை, எஞ்சினையும் சீட்டுப் பகுதியையும் பிரிக்கும் தடுப்புச் சுவரை ஒட்டிவிட்டதால், வெளியேறும் வழியை முன்பக்கத்துக்கே கொண்டுவந்தார்கள். அதனால் கடைசியில் இருக்கும் நான்காவது சிலிண்டருக்கு நீரோட்டம் குறைவு, சூடு அதிகம். ரோட்டில் இதனால் ஒரு தொல்லையும் இல்லை. டிராக்கில் கடுமையாக ஓட்டுகிறவர்கள் வெளியேறும் வழியைப் பழையபடி பின்பக்கத்துக்கு மாற்றிக்கொள்கிறார்கள்.

அதற்கு முன்னால் எளியது ஒன்று: ரேடியேட்டரின் மேல்பக்கப் பிளாஸ்டிக் தொட்டி. கறுப்பாக இருந்தது பழுப்பு நிறமாகியிருந்தால் அதன் காலம் முடிந்தது, வெடிப்பதற்கு டிராக் டேயைத்தான் தேர்ந்தெடுக்கும்.

சரி, குதிரைத்திறன்? கூட்டலாம். ஆனால் கூடும் ஒவ்வொரு குதிரையும் நேர்ப்பாதை முடிவில் வேகத்தைக் கூட்டும், அந்த வேகம் பிரேக்குக்கு இன்னும் ஒரு குடம் வெந்நீர். எஞ்சினின் சொந்தச் சூடு தனி. மேலே சொன்னதெல்லாம் முடிந்த பிறகும் ஆசை மிச்சம் இருந்தால் டர்போ பக்கம் போகலாம். சைலன்சர் மட்டும் மாற்றுவதால் இந்த எஞ்சினில் சத்தம்தான் கணிசமாகக் கூடும், பல டிராக்குகளில் ஒலி வரம்பு வைத்து அளக்கிறார்கள். வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தலைக்கு மேலே ஒரு கம்பி

கூரை திறந்த காரில் முன்கண்ணாடிச் சட்டம் உருண்டால் தாங்கும் என்று நம்ப முடியாது. சீட்டுக்குப் பின்னால் வளைவாக நிற்கும் ரோல் பார் வேண்டும். பல ஏற்பாட்டாளர்கள் அது இல்லாத திறந்த காரை விடுவதில்லை. ஹெல்மெட் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை அந்தக் கம்பிக்குக் கீழே இருக்க வேண்டும்.

ரோல் பார் நல்லது என்றால் சுற்றிலும் கம்பி கட்டிய ரோல் கேஜ் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். டிராக்கில் சரி, தலையில் ஹெல்மெட் இருக்கிறது. ரோட்டில் ஹெல்மெட் இல்லாத தலைக்கு ஒரு சாண் தூரத்தில் இரும்புக் கம்பி. சின்ன மோதலே மண்டையை உடைக்கும். இரண்டு இடத்திலும் ஓட்டும் காருக்குப் பின்பக்க ரோல் பாரோடு நிற்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

காகிதமும் வீடு திரும்புவதும்

எந்த நாடாக இருந்தாலும் மாற்றியதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். வழக்கமான காப்பீடு பெரும்பாலும் டிராக்கில் நடப்பதற்குப் பொறுப்பேற்காது. இந்தியாவில் சட்டம் இன்னும் இறுக்கம்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தயாரிப்பாளர் குறித்த அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. இருங்காட்டுக்கோட்டைத் தடமோ கோவையின் கரி மோட்டார் ஸ்பீட்வே தடமோ பக்கத்தில் இருக்கிறது என்று ஆசைப்படுகிறவர்கள், பேட், பிரேக் ஆயில், டயர், அலைன்மென்ட் என்று காரின் அமைப்பைத் தொடாத வேலைகளிலேயே நிறைய தூரம் போகலாம்.

அப்புறம், டிராக்கிலிருந்து வீட்டுக்கு அதே காரில்தான் வர வேண்டும். கடைசிச் சுற்றை பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி எல்லாவற்றையும் ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக்கை இழுக்காதீர்கள், சூடான பேட் டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டுவிட்டு சக்கரத்துக்கு ஒரு கட்டை வையுங்கள். சக்கர நட்டுகளை ஆறிய பிறகு ஒருமுறை முடுக்கிப் பாருங்கள். காலையில் சூடான டயரிலிருந்து காற்றை இறக்கினீர்களே, அது ஆறியதும் 22, 23க்குப் போயிருக்கும். அந்த அழுத்தத்தில் நெடுஞ்சாலையில் ஏறக்கூடாது. டிக்கியில் ஒரு சின்ன ஏர் பம்ப் இருந்தால் ஐந்து நிமிட வேலை. என்னுடையது பேட்டரிக்குப் பக்கத்தில், பழைய பிரேக் ஆயில் டப்பாவோடு கிடக்கிறது.